காவலர் கையும் குடிமகன் உரிமையும்: வடசென்னையிலிருந்து ஒரு வரலாற்று நோக்கு

நம் சங்கத்தின் வெள்ளி விழா மலருக்குக் கல்வி குறித்து ஒரு கட்டுரை தருமாறு மலர்க்குழுவினர் கேட்டிருந்தனர். கல்வியைப் பற்றி நாம் பேசாத மேடை இல்லை. எழுதாத ஆண்டு மலரும் அநேகமாக இல்லை. ஆதலால் இம்முறை, பள்ளிக்கூட வாசலுக்கும் மாணவன் வீட்டு வாசலுக்கும் இடையே கிடக்கும் சாலையைப் பற்றி எழுத முனைந்தோம். அந்தச் சாலையில் நடப்பதும் கல்வியைச் சேர்ந்ததே என்பதை ஓர் இரவில் நாம் கற்றோம்.

சில ஆண்டுகளுக்கு முன், பன்னிரண்டாம் வகுப்பு மாணவன் ஒருவன் தன் மாமனின் மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு எண்ணூர் விரைவுச் சாலையில் போயிருக்கிறான். வயது பதினேழு, உரிமம் இல்லை, தலைக்கவசமும் இல்லை. வாகனச் சோதனையில் மடக்கப்பட்டான். பையன் மீது தவறு இல்லை என்று நாம் சொல்ல வரவில்லை. வண்டியைப் பிடித்து வைத்திருக்கலாம். வண்டிக்காரர் மீது வழக்கு எழுதியிருக்கலாம். சட்டம் அதற்கு இடமளிக்கிறது. ஆனால் மாலை ஐந்து மணிக்குப் பிடிபட்ட பையன் இரவு ஒன்பது மணிவரை ஒரு காவல் நிலையத்தின் பின்னறையில் தரையில் உட்கார்த்தி வைக்கப்பட்டிருந்தான். வீட்டுக்குத் தகவல் இல்லை. தேநீர்க் கடையில் யாரோ சொல்லித்தான் தாய்க்குத் தெரிந்தது. அந்த அம்மாள் நம் வீட்டு வாசலுக்கு வந்து, "சார், நீங்க வந்தாத்தான் விடுவாங்க" என்றார். போனோம். கன்னத்தில் விரல் தடம் இருந்தது. நாம் தலைமையாசிரியர் என்று அறிந்ததும் நாற்காலி போட்டார்கள். பையனிடம் முதலில் என்ன கேட்டார்கள் என்று வரும் வழியில் விசாரித்தோம். உரிமம் எங்கே என்று கேட்கவில்லையாம். "எந்த ஏரியாடா நீ?" என்றுதான் கேட்டார்களாம். தெருப் பெயரைச் சொன்ன பிறகுதான் அடி விழுந்ததாம்.

இந்தக் கேள்விக்கு வயது அதிகம். அதன் வரலாற்றை நம் இளைஞர்கள் அறிந்திருத்தல் நலம்.

சென்னை மாகாணத்தில் கைதும் அடியும் பொது விவாதத்துக்கு வந்தது இன்று நேற்றன்று. 1852-இல் காஜுலு லட்சுமிநரசு செட்டியார் முதலானோர் சென்னை சுதேசிகள் சங்கத்தைத் தொடங்கினர். குடிகளிடம் வரி பிடுங்க அதிகாரிகள் செய்யும் கொடுமைகளை அச்சங்கம் இங்கிலாந்து நாடாளுமன்றத்துக்கு விண்ணப்பமாக எழுதி அனுப்பியது. 1854-இல் லண்டனில் காமன்ஸ் சபையில் விவாதம் எழுந்தது. அதன் பயனாக எலியட், ஸ்டோக்ஸ், ஜான் புரூஸ் நார்ட்டன் ஆகிய மூவரைக் கொண்ட சித்திரவதை விசாரணைக் குழு அமைந்து, 1855-இல் அறிக்கை தந்தது. ஆயிரத்துக்கும் மேற்பட்ட முறையீடுகள் அக்குழுவுக்கு வந்தன. பல நாள் நடந்தே சென்னைக்கு வந்து சாட்சி சொன்ன ஏழைக் குடியானவர்களும் உண்டு. விரல்களை இடுக்கி நசுக்கும் கிட்டி, கழுத்தையும் காலையும் கயிற்றால் பிணித்து வெயிலில் குனிய வைக்கும் அண்ணாந்தாள் ஆகிய இரு தமிழ்ச் சொற்கள் அந்த ஆங்கில அறிக்கையில் இடம்பெற்றன. வேறு நற்சொற்கள் கிடைக்காமலா போயின! வரி வசூலும் காவலும் ஒரே ஆளின் கையில் இருந்தமை இக்கொடுமைக்கு முக்கிய காரணம் எனக் குழு கண்டது. அதையொட்டி 1859-இல் சென்னை மாகாணக் காவல் சட்டம் பிறந்து, காவல் தனித்துறையாயிற்று. 1872-ஆம் ஆண்டின் சாட்சியச் சட்டம், காவல் அதிகாரியிடம் சொன்ன ஒப்புதல் வாக்குமூலத்தைக் குற்றஞ்சாட்டப்பட்டவனுக்கு எதிராக நிரூபிக்கலாகாது என்று விதித்தது. அடித்து வாங்கிய வாக்குமூலத்துக்கு நீதிமன்றத்தில் விலையில்லை என்றால் அடி நிற்கும் என்பது அன்றைய நம்பிக்கை. விதி இன்றைய பாரதிய சாட்சிய சட்டத்திலும் தொடர்கிறது. அடியும் தொடர்கிறது.

அதே அரசுதான் மறு கையால் வேறொன்றும் செய்தது. 1871-இல் வடநாட்டில் தொடங்கிய குற்றப் பரம்பரைச் சட்டம் 1911-இல் சென்னை மாகாணத்துக்கும் வந்தது. ஒருவன் செய்த செயலைப் பாராமல் அவன் பிறந்த குலத்தைப் பார்த்து ரேகை எடுத்து, இரவில் வீட்டில் இருக்கிறானா என்று தட்டிப் பார்க்கும் முறை அது. கள்ளர், குறவர் எனப் பல சமூகத்தார் இதற்கு ஆளாயினர். 1920 ஏப்ரல் 3-ஆம் நாள் பெருங்காமநல்லூரில் ரேகைப் பதிவை எதிர்த்தவர்கள் சுடப்பட்டனர். 1947-இல் இம்மாகாணத்தில் சட்டம் நீக்கப்பட்டது. 1952-இல் நாடு முழுவதும் நீங்கியது. ஆயினும் மறு ஆண்டே, 1948-இல், வழக்கமான குற்றவாளிகளுக்கென ஒரு சட்டம் இங்கு வந்துவிட்டது. காவல் நிலையங்களில் திறக்கப்படும் சரித்திரப் பதிவேடு, ரவுடிப் பட்டியல் ஆகியவை தனி மனிதனின் செயலைக் குறித்தனவே எனச் சட்டம் கூறும். நடைமுறையில் அவை தெருவையும் சேர்த்துக் குறிக்கின்றன. 1993-இல் கம்மாபுரம் காவல் நிலையத்தில் அடிபட்டு மாண்ட ராஜாக்கண்ணுவின் கதையை நம் பிள்ளைகள் 'ஜெய் பீம்' படத்தின் வழியே அறிவர். படத்தில் அவர் இருளராகக் காட்டப்பட்டார். உண்மையில் அவர் குறவர் சமூகத்தவர். பழைய பட்டியலில் இருந்த பெயர் என்பதை இங்கே நினைவுகூர வேண்டும். அவ்வழக்கை ஆட்கொணர்வு மனுவாக உயர்நீதிமன்றத்துக்குக் கொண்டுசென்ற வழக்கறிஞர் சந்துரு பின்னர் அதே நீதிமன்றத்தில் நீதிபதியானார்.

நம் வட்டாரத்தின் வரலாறு ஒரே நிறமுடையதன்று என்பதையும் சொல்லத்தான் வேண்டும். 1921-இல் பெரம்பூர் பக்கிங்காம்–கர்நாட்டிக் ஆலை வேலைநிறுத்தத்தின்போது, எம். சி. ராஜாவின் அறிவுரையை ஏற்று நம் மக்கள் வேலைக்குத் திரும்பினர். அதனால் புளியந்தோப்பில் நம்மவர் குடிசைகள் கொளுத்தப்பட்டன. அவ்வேளையில் காவலரின் துணையை நாடியவர்கள் நம் முன்னோர். ஆகஸ்டு 29-ஆம் நாள் காவலர் சுட்டதில் மாண்டவர்களோ சக தொழிலாளர்கள். யாருக்கு யார் காவல் என்ற கேள்விக்கு அன்றும் எளிய விடை இல்லை. காவல்துறை நமக்கு வேண்டாதது என்று நாம் ஒருநாளும் சொல்ல இயலாது. வன்கொடுமை நிகழும்போது புகார் எழுதிக்கொள்ள வேண்டியவரும் அந்த நிலைய அலுவலர்தானே. 1989-ஆம் ஆண்டின் வன்கொடுமைத் தடுப்புச் சட்டம், தன் கடமையை வேண்டுமென்றே புறக்கணிக்கும் அரசு ஊழியரையும் அதனால்தான் நான்காம் பிரிவில் தண்டனைக்குரியவராக்கியது.

சுதந்திரத்துக்குப் பின் அமைந்த ஏற்பாட்டில் நம் சமுதாயத்தார் தனிப்பெருமை கொள்ளத்தக்க நாள் ஒன்று உண்டு. அரசியல் நிர்ணய சபையில் 'சட்டத்தின் முறையான நெறி' என்ற சொற்றொடர் கைவிடப்பட்டதால், கைதாகும் குடிமகனுக்குக் காப்பில்லை என்ற குறை எழுந்தது. அதை ஈடுசெய்ய 1949 செப்டம்பர் 15-ஆம் நாள் அண்ணல் அம்பேத்கர் ஒரு புதிய பிரிவை முன்மொழிந்தார். அதுவே இன்றைய 22-ஆம் உறுப்பு. கைதுக்கான காரணத்தைச் சொல்ல வேண்டும். வழக்கறிஞரைக் கலந்துகொள்ள விட வேண்டும். பயண நேரம் நீங்கலாக 24 மணி நேரத்துக்குள் நீதித்துறை நடுவர் முன் நிறுத்த வேண்டும். இவை குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் ஏற்கெனவே இருப்பவைதாமே என்று கேட்டவர்களுக்கு, அரசியல் சட்டத்தில் ஏறிவிட்டால் எந்தச் சட்டமன்றமும் அவற்றை நீக்க முடியாது என்ற கருத்தை அண்ணல் விடையாகத் தந்தார். அதே உறுப்பின் பிற்பகுதி தடுப்புக் காவலுக்கும் வழி திறந்தது என்பது வேறு கதை. அந்த வழியில் வந்ததே 1982-ஆம் ஆண்டின் தமிழ்நாட்டுச் சட்டம் 14. மக்கள் இதனைக் குண்டர் சட்டம் என்பர். விசாரணையின்றி 12 மாதம் வரை உள்ளே வைக்கும் அச்சட்டத்தின் பெயரை அறியாத வீடு நம் வட்டாரத்தில் அரிது.

அடுத்த பெரிய மாற்றத்துக்கு வித்திட்டது ஒரு கடிதம். மேற்கு வங்கச் சட்ட உதவி அமைப்பின் செயல் தலைவராக இருந்த டி. கே. பாசு, காவல் நிலைய மரணச் செய்திகளை நாளேட்டில் கண்டு, 1986 ஆகஸ்டில் உச்சநீதிமன்றத் தலைமை நீதிபதிக்கு எழுதினார். கடிதமே மனுவாக ஏற்கப்பட்டது. பத்தாண்டு கழித்து 1996 டிசம்பர் 18-ஆம் நாள் தீர்ப்பு வந்தது. கைது செய்யும் அலுவலர் பெயர்ப்பட்டை அணிந்திருத்தல், சாட்சி கையொப்பத்துடன் கைதுக் குறிப்பு எழுதுதல், உறவினர் ஒருவருக்குத் தகவல் தருதல், உடற்காயங்களைப் பதிந்து மருத்துவப் பரிசோதனை செய்தல் முதலாகப் பதினொரு கட்டளைகள் அதில் அடங்கின. அவற்றில் பல பின்னர்ச் சட்டப் பிரிவுகளாயின; 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவிலும் உள்ளன. 2014-இல் அர்னேஷ் குமார் வழக்கில், ஏழாண்டு வரை தண்டனைக்குரிய குற்றங்களில் தேவையின்றிக் கைது செய்யலாகாது, அழைப்பாணை தந்து விசாரிக்கலாம் என்று உச்சநீதிமன்றம் வற்புறுத்தியது. 2020 டிசம்பரில், எல்லாக் காவல் நிலையங்களிலும் கண்காணிப்புக் கேமராக்கள் வேண்டும், பதிவுகளை 18 மாதம் காக்க வேண்டும் என ஆணையிட்டது.

இவ்வளவு இருந்தும் நடந்தவை என்ன? 2018 மார்ச் 7-ஆம் நாள் திருச்சியை அடுத்த துவாக்குடியில், தலைக்கவசம் அணியாமல் சென்ற தம்பதியின் வண்டியைப் போக்குவரத்து ஆய்வாளர் ஒருவர் துரத்திச் சென்று உதைத்தார். பின்னால் இருந்த பெண் விழுந்து மாண்டார். ஆயிரக்கணக்கானோர் இரவெல்லாம் நெடுஞ்சாலையை மறித்தனர். 2020 ஜூனில் சாத்தான்குளத்தில் ஊரடங்கு நேரத்தில் கடையைத் திறந்து வைத்ததாகக் கொண்டுபோகப்பட்ட தந்தை ஜெயராஜும் மகன் பென்னிக்சும் அடுத்தடுத்து உயிரிழந்தனர். விசாரிக்கச் சென்ற நீதித்துறை நடுவர், கேமரா இருந்தும் பதிவு நாள்தோறும் தானாக அழியும்படி அமைக்கப்பட்டிருந்ததைக் கண்டார். காவல் நிலையத்தையே வருவாய்த்துறையின் கட்டுப்பாட்டில் ஒப்படைக்கும்படி உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளை சொல்ல நேர்ந்தது. அந்த இரவில் கண்டதை அஞ்சாமல் நடுவரிடம் சொன்னவர் அதே நிலையத்துப் பெண் தலைமைக் காவலர். அதனை நாம் மறக்கலாகாது. 2021 ஜூனில் சேலம் மாவட்டத்தில் ஒரு சோதனைச் சாவடியில் சிறுவணிகர் ஒருவர் நடுச்சாலையில் லத்தியால் அடிக்கப்பட்டு மறுநாள் இறந்தார். அதைக் கைப்பேசியில் எடுத்த படம் இல்லாவிடில் அதுவும் 'தவறி விழுந்தார்' என்றே முடிந்திருக்கும் என்பது நம் எண்ணம்.

சென்னை நகருக்கு வருவோம். 2022 ஏப்ரல் 18-ஆம் நாள் இரவு கெல்லீஸ் அருகே வாகனச் சோதனையில் ஓர் ஆட்டோ மறிக்கப்பட்டது. அதில் வந்த இருவருள் விக்னேஷ் என்ற 25 வயது இளைஞர் மறுநாள் இறந்துபோனார். மெரினாவில் குதிரைச் சவாரி விட்டுப் பிழைத்தவர் அவர். கஞ்சாவும் கத்தியும் இருந்தன என்றது காவல்துறை. உடற்கூறு அறிக்கையில் 13 காயங்கள் இருந்ததாகச் சட்டமன்றத்திலேயே பேசப்பட்டது. வழக்கு கொலை வழக்காக மாறிக் குற்றப்பிரிவு–குற்றப்புலனாய்வுத் துறைக்குச் சென்றது, காவலர்கள் கைதாயினர். பிடிபட்டவர்களை இரவில் நிலையத்தில் வைத்து விசாரிக்கலாகாது என்று துறைத் தலைமை அறிவுறுத்தியதாக ஏடுகள் எழுதின. இரண்டு மாதம் முடியவில்லை. ஜூன் 12-ஆம் நாள் நம் வடசென்னையின் கொடுங்கையூரில் விசாரணைக்கு அழைத்துச் செல்லப்பட்ட மற்றொருவர் மாண்டார். 2025 ஜூனில் சிவகங்கை மாவட்டம் மடப்புரத்துக் கோயில் காவலாளியின் மரணம் மறுபடியும் அதே விவாதத்தை எழுப்பியது.

விவாதத்தில் மறு தரப்பும் உண்டு. அதைக் கேளாதிருத்தல் ஆசிரியனுக்கு அழகன்று. துறைமுகத்தை நோக்கிக் கொள்கலன் லாரிகள் மைல் கணக்கில் வரிசை நிற்கும் திருவொற்றியூர்ச் சாலையிலும் எண்ணூர்ச் சாலையிலும் புகையைக் குடித்துக்கொண்டு நிற்கும் காவலருக்குப் பல காலம் வார விடுமுறைகூட இருந்ததில்லை. 2021-இல்தான் அதற்கு ஆணை வந்தது. தலைக்கவசமின்றிப் போய் லாரிச் சக்கரத்தில் மாண்ட மாணவர்களின் வீட்டுக்கு நாமும் மாலையோடு போயிருக்கிறோம். கத்தியோடு திரிபவன் வெட்டுவது பெரும்பாலும் நம் தெருப் பிள்ளையைத்தான். கைதானவன் கையில் மாவுக்கட்டுடன் இருக்கும் படத்தை ஏட்டில் பார்த்து, "இப்படித்தான் வேண்டும்" என்று சொல்பவர் நம் திண்ணையிலும் உண்டு. அவர்களிடம் நாம் கேட்பது ஒன்றே: குளியலறையில் வழுக்கி விழும் இந்த வினோதம், ஏழை வீட்டுப் பிள்ளைகளுக்கே ஏன் நேர்கிறது?

இக்கேள்வி நம் ஊருக்கு மட்டும் உரியதன்று. 1981-இல் லண்டனின் பிரிக்ஸ்டன் பகுதியில் சில நாள்களுக்குள் ஆயிரத்தை நெருங்கிய பேர் தெருவில் நிறுத்திச் சோதிக்கப்பட்டனர். பெரும்பாலோர் கறுப்பின இளைஞர். தெரு பற்றி எரிந்தது. ஸ்கார்மன் பிரபு விசாரித்து அறிக்கை தந்தார். 1984-இல் வந்த சட்டம், ஒருவரைச் சோதனையிட்டால் காரணத்தை எழுதி வைக்கவும், கேட்டால் அதன் படியைத் தரவும் காவலரைக் கட்டாயப்படுத்தியது. அதனால் அங்கே பாரபட்சம் ஒழிந்துவிடவில்லை. ஆனால் எண்ணிக்கை கிடைத்தது. யாரை, எந்தத் தெருவில், எத்தனை முறை நிறுத்தினார்கள் என்று கணக்குக் காட்ட முடிந்தது. 1991-இல் லாஸ் ஏஞ்சல்சில் கார் ஓட்டிவந்த ராட்னி கிங் மறிக்கப்பட்டு அடிக்கப்பட்டதை அண்டை வீட்டார் ஒருவர் படமெடுத்ததால்தான் உலகம் அறிந்தது. நம் நாட்டில் நிறுத்தப்பட்டவருக்குச் சீட்டு தரும் பொது விதி இல்லை. அபராதச் சீட்டு உண்டு. அடிக்கும் சந்தேகத்துக்கும் சீட்டு கிடையாது. எனவே ராயபுரத்திலிருந்து இரவு ஷிப்டு முடிந்து வரும் தொழிலாளி வாரத்தில் எத்தனை முறை மறிக்கப்படுகிறார் என்பதை நாம் உரத்துச் சொல்லலாம். மெய்ப்பிக்க ஏடு இல்லை.

இளைஞர்கள் அறிய வேண்டிய சில செய்திகளை இங்கே எழுதிவிடுகிறோம். சீருடையில் உள்ள காவலர் நிறுத்தச் சொன்னால் நிறுத்த வேண்டும். உரிமத்தைக் காட்ட வேண்டும். இது 1988-ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம். கைப்பேசியில் டிஜிலாக்கர் வழியே காட்டினாலும் செல்லும். ஆவணத்தைப் பறிமுதல் செய்தால் ஒப்புகை தர வேண்டும். வயது நிரம்பாத பிள்ளையிடம் வண்டியைக் கொடுத்தால் 2019-ஆம் ஆண்டுத் திருத்தப்படி பெற்றோருக்கோ உரிமையாளருக்கோ 25,000 ரூபாய் அபராதமும் மூன்றாண்டு வரை சிறையும் உண்டு, மாமன்மார்கள் கவனிக்க. பதினெட்டு வயது நிரம்பாதவரை லாக்கப்பில் வைக்கலாகாது. பெண்ணைச் சூரியன் மறைந்த பின், விதிவிலக்கான நிலையிலன்றிக் கைது செய்யலாகாது. அறுபது கடந்தவரை, மூன்றாண்டுக்குக் குறைந்த தண்டனையுள்ள குற்றத்துக்கு, துணைக் கண்காணிப்பாளர் அனுமதியின்றிக் கைது செய்யலாகாது. பட்டியல் இனத்தவர்க்கு வருமான வரம்பின்றி இலவசச் சட்ட உதவி பெறும் உரிமையை 1987-ஆம் ஆண்டுச் சட்டம் தருகிறது. 15100 என்ற எண்ணில் அழைக்கலாம். நன்னடத்தைப் பிணை மீறியதாகக் கூறிக் காவல் துணை ஆணையரே சிறைக்கு அனுப்பிவந்த வழக்கத்தையும் 2023 மார்ச்சில் சென்னை உயர்நீதிமன்றம் செல்லாதென்றது. அந்தத் தீர்ப்பு வந்த செய்தியை நம் வட்டாரத்தில் எத்தனை பேர் படித்தனர் என்பதை நாம் விசாரித்தோம். விரல் விட்டு எண்ணலாம்.

சாலையில் வாதாட வேண்டா. நேரம், இடம், பெயர்ப்பட்டையில் உள்ள பெயர், வண்டி எண் ஆகியவற்றை மனத்தில் வாங்கி, வீடு வந்ததும் எழுதிவிடுங்கள். அடிபட்டிருந்தால் வீட்டு வைத்தியம் பார்க்காமல் ஸ்டான்லி போன்ற அரசு மருத்துவமனைக்குச் சென்று, காயம் எப்படி நேர்ந்தது என்று மருத்துவரிடம் உள்ளபடி சொல்லிப் பதியச் செய்யுங்கள். நடுவர் முன் நிறுத்தும்போது "அடித்தார்களா?" என்று கேட்பார். அருகே காவலர் நிற்பாரே என்ற அச்சத்தில் "இல்லை" என்று சொல்லிவிட்டுப் பின்னால் வருந்திய குடும்பங்களை நாம் அறிவோம்.

அந்த இரவு பதினொரு மணிக்குப் பையனை அழைத்துக்கொண்டு வந்தோம். வழக்கு பதியவில்லை, வண்டி மறுவாரம் அபராதம் கட்டியபின் வந்தது. தாய் முன்னே நடந்தார். பையன் நம்மோடு பின்தங்கி வந்து, தெருமுனைக் குழாயடியில் நின்று, தயங்கித் தயங்கி ஒரு கேள்வி கேட்டான்: "சார், இதை எங்கேயாவது எழுதி வச்சிருப்பாங்களா? நான் போலீஸ் செலக்‌ஷனுக்குப் போகணும்னு இருந்தேன்." கன்னத்தின் வலியைவிட அவனுக்கு அதுதான் கவலை. குற்ற வழக்கில் பெயர் இருந்தால் சீருடைப் பணித் தேர்வில் கதவு சாத்தப்படும் என்பதைப் பிள்ளை எங்கோ கேட்டறிந்திருக்கிறான். எழுதவில்லை என்று சொன்னோம்.

இரண்டாண்டு கழித்து எழுத்துத் தேர்வில் தேறினான். உடற்தகுதியில், நம் பிரிவினர்க்குரிய 167 சென்டிமீட்டருக்கு ஒரு சென்டிமீட்டர் குறைந்துவிட்டான். இப்போது எண்ணூர்ப் பக்கம் ஒரு கொள்கலன் கிடங்கில் கணக்குப் பார்க்கிறான். வண்டியில்தான் வேலைக்குப் போய் வருகிறான், உரிமம் எடுத்துவிட்டான். சென்ற மாதம் பார்த்தபோது, சட்டைப் பையிலிருந்து ஒரு சிறு குறிப்பேட்டை எடுத்துக் காட்டினான். ஓராண்டில் தன்னை நிறுத்திய நாள், நேரம், இடம் எல்லாம் எழுதியிருந்தான். நாற்பத்தொரு வரிகள்.